காசிம் திறக்காத வால்வு

பழைய வண்ணாரப்பேட்டை
20 ஜனவரி 2025

எபி,

நல்லா கீறியான்னு கேக்க மாட்டேன். நல்லாதான் இருப்பே. உன் "மூச்சு நகரம் 2" பொங்கலுக்கு வந்து ஓடிகினே கீது. டோல்கேட்டாண்ட நாப்பதடி கட்அவுட். மாலை, பாலு எல்லாம் ஆயிப்போச்சு.

இத ஏன் தபால்ல அனுப்பறேன்னு யோசிப்பே. நான் எழுதி நீ எடுத்த மொத படம் வந்து மூணாவது வாரம், எங்கூட பேசறத நிறுத்தினே. ஏன்னு ஒரு வார்த்த சொல்லாம ஹைதராபாத்துக்குப் போயிட்டே. நானும் உன் நம்பர தூக்கிக் கடாசிட்டேன். இப்ப போன்ல பேசுனா கத்துவேன். நீ கட் பண்ணிடுவே. காகிதத்த கட் பண்ண முடியாது.

நேத்து மதியம் ஆட்டத்துக்கு அம்மாவ இட்டுகினு போனேன். அம்மா மொத படத்த தியேட்டர்ல பதினோரு தபா பாத்துது, அது உனக்கே தெரியும். ஏன் அத்தினி தபா பாத்துதுன்னும் தெரியும். 2008 நவம்பர்ல எண்ணூர் டேங்க் யார்டுல வாயு கசிஞ்சு எங்க அத்தா சௌக்கத் அலி செத்தாரு. பக்கத்துல முகத்துவாரக்குப்பத்துல நாலு பேரு செத்தாங்க. "ஆபரேட்டர் சௌக்கத் அலி தவறான வால்வைத் திறந்ததே காரணம்"னு விசாரணை அறிக்கை எழுதி மூடிட்டாங்க. அதுக்கப்பால பதினோரு வருசம் அம்மா எங்க போனாலும், அந்த ஆளு பொண்டாட்டின்னுதான் பாத்தாங்க. குப்பத்துல தம்பிய பறிகொடுத்த யசோதரா அக்கா, மார்க்கெட்டுல அம்மாவ பாத்தா கூடைய தூக்கிகினு அந்தாண்ட போய் குந்திக்கும்.

நம்ம படத்துல காசிம் வால்வ மூடிட்டு சாவறான். கடலுக்கு நடுவுல இரும்பு நகரம், 2091ஆம் வருசம், எல்லாம் கற்பனைதான். ஆனா ஜனத்துக்குத் தெரிஞ்சுது காசிம் யாருன்னு. படம் வந்த மறுவாரம் யசோதரா அக்கா எங்க வூட்டுக்கு வந்து அம்மா கைய புடிச்சிகினு அழுதுச்சு. நீயும் அன்னிக்கி வூட்ல இருந்தே. டீ குடிச்சே.

இப்ப ரெண்டாவதுல இன்னா பண்ணி வெச்சிருக்கே? இருவது வருசம் கழிச்சு காசிம் பொண்ணு ஒரு பழைய கேமரா பதிவ கண்டுபுடிக்கறா. அதுல காசிம் வால்வ தொறக்கறான். சிரிச்சிகினே தொறக்கறான். தியேட்டர்ல விசிலு பறக்குது. எனக்குப் பின்னாடி ஒருத்தன், "மாமு, மொத பார்ட்ல நம்மள நல்லா டபாய்ச்சிருக்கானுங்கடா"ன்றான். அம்மா கடசி வரைக்கும் அசையாம குந்திகினு இருந்துச்சு. ஆட்டோல வரும்போது ஒண்ணே ஒண்ணு கேட்டுது: "எபி தம்பிக்கு நம்ம மேல இன்னா கோவம்?"

இன்னொண்ணும் சொல்றேன். சாத்தாங்காடு இரும்புக் கடைங்கள்ல தகடு பொறுக்கி மொத படத்துக்கு நாம கட்டுன நகரத்துல துரு வாசன வந்துச்சு. உன் புது நகரத்துல வெள்ள லைட்டு மட்டும்தான் கீது. அதுல எல்லாரும் செய்தி வாசிக்கறவங்க மாதிரி பேசறாங்க. நம்ம பாஷைய ஒருத்தன்தான் பேசறான். அவன் பிக்பாக்கெட்டு. அவன் வாயத் தொறந்தாலே தியேட்டர் சிரிக்குது.

இன்னிக்கி காலைல யசோதரா அக்கா போன் பண்ணுச்சு. "அப்ப மொத தபா காட்டுனது பொய்யாடி?"

நீயே அதுக்குப் பதில் சொல்லு.

உமைமா


ஹைதராபாத்
29 ஜனவரி 2025

உமைமா,

உன் கடிதம் கிடைத்தது. அம்மாவுக்கு வருத்தம் ஏற்பட்டிருந்தால் அவர்களிடம் மன்னிப்புக் கேட்கிறேன். உன்னிடம் கேட்கமாட்டேன்.

இரண்டாம் பாகம் எடுப்பவனுக்கு ஒரே ஒரு வழிதான் உண்டு. முதல் பாகத்தில் பார்வையாளர் எதை நம்பினாரோ அதை அசைத்துப் பார்க்க வேண்டும். காசிம் நல்லவன் என்பதையே இன்னும் இரண்டரை மணி நேரம் சொல்ல எனக்கு விருப்பமில்லை. முதல் படத்தை இப்போது பார்த்தால் அதன் ஓட்டைகள் தெரிகின்றன. வில்லனுக்கு ஒரு காரணம் கூட நீ எழுதவில்லை. மேற்பார்வையாளன் தாவீது பயந்தான், படகை எடுத்துக்கொண்டு ஓடினான், அவ்வளவுதான். அவன் ஏன் ஓடினான், எங்கே போனான் என்று நீ கேட்கவே இல்லை. நான் கேட்டேன். அவன் உதவி கொண்டுவரப் போனான். என் படம் அதைத்தான் சொல்கிறது.

மொழியைப் பற்றி எழுதியிருந்தாய். அது தயாரிப்பாளரின் முடிவு. நான் சண்டை போட்டிருக்க வேண்டும், போடவில்லை. அந்த ஒரு குற்றச்சாட்டை ஒப்புக்கொள்கிறேன்.

மற்றபடி, காசிம் உன் அத்தா அல்ல. நீயே பேட்டியில், "எல்லாம் கற்பனைப் பாத்திரங்கள்" என்று சொன்னாய். நானும் உன் பக்கத்தில் உட்கார்ந்து தலையாட்டினேன். அப்போது எனக்கு எதுவும் தெரியாது.

கழுத்தில் நாலாக மடித்துப் போட்ட கைக்குட்டை. பேசுவதற்கு முன்னால் இரண்டு தடவை தொண்டையைச் செருமுவது. சாப்பாட்டுக் கேரியரைச் சுற்றிய பச்சை ரெக்சின் பை. தாவீதுக்கு இவற்றை எங்கிருந்து எடுத்தாய் உமைமா? பாத்திரத்தின் பெயரையாவது வேறு மதத்தில் வைத்திருக்கலாம்.

ஏன் பேசுவதை நிறுத்தினேன் என்று கேட்கிறாய். உனக்குத் தெரியாதா?

எபினேசர்


பழைய வண்ணாரப்பேட்டை
5 பிப்ரவரி 2025

எபி,

தெரியும். நீயா கண்டுபுடிப்பியான்னு பாத்துகினு இருந்தேன்.

ஆமா, தாவீது உங்க அப்பாதான். மொத தபா பேனா எடுத்தப்பவே அவருதான். டேங்க் யார்டுல உங்க அப்பா ராசையா ஷிப்ட் சூப்பர்வைசரு, எங்க அத்தா ஆபரேட்டரு. ஒரே ஷிப்டுல வேல பாத்தவங்க புள்ளைங்கன்னுதான் நாம தோஸ்து ஆனோம். உங்க வூட்ல எத்தினி தபா சாப்ட்டிருப்பேன்! அங்கிள் தொண்டய செருமிட்டு ஜெபம் சொல்லுவாரு, நான் தலைய குனிஞ்சுகினு இருப்பேன்.

2016ல தகவல் உரிமைச் சட்டத்துல மனு போட்டு அந்த விசாரணை அறிக்கைய வாங்குனேன். உங்கிட்ட சொல்லல. ஒன்பதாம் பக்கத்துல சாட்சி வாக்குமூலம். எனக்கு மனப்பாடம். "நான்காம் எண் வால்வைத் திறக்கச் சொன்னேன். ஆபரேட்டர் சௌக்கத் அலி என் சொல்லைக் கேளாமல் ஆறாம் எண்ணைத் திறந்துவிட்டார்." கீழ கையெழுத்து, ராசையா. அழகான கையெழுத்து. உன் பிறந்த நாளுக்கு பைபிள்ல எழுதிக் குடுப்பாரே, அதே கையெழுத்து.

எங்க அத்தா அந்த யார்டுல இருவத்திரண்டு வருசம் வேல பாத்தவரு. கண்ண கட்டி உட்டாலும் நாலு எது, ஆறு எதுன்னு சொல்லுவாரு. உங்க அப்பாவுக்கும் அது தெரியும். தெரிஞ்சே கையெழுத்துப் போட்டிருக்காரு.

நான் இன்னா செய்யணும்? கோர்ட்டுக்குப் போகணுமா? செத்தவரு சாட்சி சொல்ல வருவாரா? எனக்கு எழுத வரும். உனக்குப் படம் எடுக்க வரும். உங்கிட்ட சொன்னா எடுப்பியா? அதான் சொல்லல. நாப்பத்திமூணு நாளு ஷூட்டிங். உன் கேமராவுலயே உங்க அப்பாவ நீ கோழையா எடுத்தே. படகு சீன் அன்னிக்கி அந்த நடிகர்கிட்ட, "சார், இன்னும் கொஞ்சம் பயம் வேணும், இது பத்தாது"ன்னு சொன்னே. நான் மானிட்டருக்குப் பின்னாடி நின்னுகினு பாத்தேன். அன்னிக்கி மாதிரி நான் எந்த நாளும் ரசிச்சதில்ல.

இப்ப நீ திருப்பி அடிச்சிருக்கே. சரி. உன் அடி பெருசுதான். ஆனா நான் இன்னும் முடிக்கல.

பிப்ரவரி 23, ஞாயித்துக்கிழம, மூணு மணி. முகத்துவாரக்குப்பம் சமுதாயக் கூடம். மொத படத்த போடறோம். யசோதரா அக்காதான் எல்லாத்தையும் பாத்துக்குது. படம் முடிஞ்சதும் அந்த ஒன்பதாம் பக்கத்த மைக்குல படிக்கப் போறேன். உங்க அப்பாவ நேர்ல போய் கூப்ட்டாச்சு. வாசல்லயே நின்னு சொன்னேன். "வாரேம்மா"ன்னாரு.

உமைமா


ஹைதராபாத்
14 பிப்ரவரி 2025

உமைமா,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு ஒரு நாள் முழுக்க எடிட்டிங் அறையிலேயே உட்கார்ந்திருந்தேன். நாற்பத்து மூன்று நாட்கள் என் பக்கத்தில் உட்கார்ந்து டீ குடித்தாயே.

என் அப்பாவுக்கு என்ன நடந்தது என்று உனக்குச் சொல்கிறேன். நீ இதைத் தெரிந்துகொள்ளத்தான் வேண்டும். முதல் படத்தை நான்தான் அவரை அழைத்துப்போய்க் காட்டினேன். என் படம் என்று பெருமையாக முன்வரிசையில் உட்கார வைத்தேன். அடுத்த ஞாயிறு ஆலயத்தில் அவர் வேதபாடம் வாசிக்க எழுந்தபோது பின்னாலிருந்து யாரோ மெதுவாக, "அண்ணாச்சி, படகு ரெடியா?" என்றார்கள். யார்டில் அவரோடு வேலை பார்த்தவர்கள்தான். அது எனக்கும் கேட்டது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. அந்தக் கைக்குட்டை, அந்தப் பை எல்லாம்.

ஒரு மாதத்துக்குள் திருவொற்றியூர் முழுக்க அவர் படகு ராசையா ஆகிவிட்டார். முப்பது வருடம் ஆலயத்தில் வாசித்தவர் அதன் பிறகு அங்கே போகவே இல்லை. பேருந்து நிறுத்தத்தில் பையன்கள் துடுப்புப் போடுவது போலக் கையை ஆட்டுவார்கள். பால் வாங்கவும் அவர் வெளியே வருவதில்லை. ஐந்து வருடமாக உள்ளறையில் உட்கார்ந்திருக்கிறார்.

அந்தப் படகைத் திருப்பிக் கொண்டுவர எனக்கு ஐந்து வருடம் ஆனது. ஆமாம், வேண்டுமென்றேதான் செய்தேன். காசிம் சிரித்துக்கொண்டே வால்வைத் திறக்கும் காட்சியைப் பதினேழு முறை எடுத்தேன். ஒவ்வொரு முறையும் உன் முகத்தை நினைத்துக்கொண்டேன். பொங்கலன்று அப்பாவைக் காரில் அழைத்துப்போய்ப் படத்தைக் காட்டினேன். தாவீது உதவியோடு திரும்பி வரும் காட்சியில் தியேட்டரே எழுந்து கைதட்டியது. அப்பா, "வீட்டுக்குப் போவோம்" என்றார். நெஞ்சு நிறைந்து போய்ச் சொல்கிறார் என்று நினைத்தேன்.

அவர் பொய் சொல்லக் கூடியவர் அல்ல. உன் அத்தா தவறான வால்வைத் திறந்தார். நல்ல மனிதர்களும் தவறு செய்வார்கள். அதை ஏற்றுக்கொள்ளும் துணிச்சல் உனக்கு இல்லை. அதனால்தான் கதை எழுதினாய்.

அவருக்கு எழுபத்திரண்டு வயது. ஏற்கெனவே ஒரு முறை நெஞ்சுவலி வந்திருக்கிறது. முந்நூறு பேர் நடுவில் அவரை நிறுத்தாதே. நிறுத்தினால் வக்கீல் நோட்டீஸ் வரும். அவருக்கு ஏதாவது ஆனால் நோட்டீஸோடு விடமாட்டேன்.

அவரிடமும் போகாதீர்கள் என்று போனில் சொன்னேன். "நீ உன் வேலையைப் பாரு" என்று வைத்துவிட்டார்.

எபினேசர்


திருவொற்றியூர்
27 பிப்ரவரி 2025

உமைமா,

ஞாயிறு சாயங்காலத்திலிருந்து அப்பா பேசவில்லை. திங்கட்கிழமை விமானத்தில் வந்தேன். கஞ்சி கொடுத்தால் இரண்டு வாய் குடிக்கிறார். என் முகத்தைப் பார்க்க மறுக்கிறார்.

குப்பத்துக்குப் போனேன். என்னைப் பார்த்ததும் கூடத்து வாசலில் இருந்தவர்கள் எழுந்து போய்விட்டார்கள். ஒரு பெரியவர் மட்டும், "உங்கப்பன் வாயாலயே கேட்டுக்கோ" என்றார். அவர் வாயைத் திறந்தால்தானே!

உன் வீட்டுக்கும் வந்தேன். அம்மாதான் வந்து, "அவ இல்லப்பா" என்றார்கள். நீ உள்ளே இருந்தாய், உன் செருப்பு வாசலில் கிடந்தது. அம்மா என்னை உட்காரச் சொல்லவில்லை. என்னை உட்காரச் சொல்லாத முதல் நாள் அது.

அவரை என்ன செய்தாய்? எனக்குத் தெரிய வேண்டும். எழுத்தில் எழுது.

எபினேசர்


பழைய வண்ணாரப்பேட்டை
3 மார்ச் 2025

எபி,

நான் ஒண்ணும் செய்யல. செய்யணும்னுதான் போனேன். அவரு எனக்கு எதையும் மிச்சம் வெக்கல.

நடந்தத அப்பிடியே எழுதறேன். நீ கேட்டதால இல்ல. யாராவது ஒருத்தரு இத ஒழுங்கா எழுதி வெக்கணும்.

ஜன்னலுக்கெல்லாம் தார்ப்பாய் கட்டி கூடத்த இருட்டு பண்ணிருந்தாங்க. பொம்பளைங்க கீழ பாய்ல, ஆம்பளைங்க பிளாஸ்டிக் சேருல. ரெண்டரைக்கே உங்க அப்பா வந்துட்டாரு. ஷேர் ஆட்டோல தனியா வந்தாரு. வெள்ள சட்ட, கழுத்துல அந்தக் கைக்குட்ட. மூணாவது வரிசையில குந்தினாரு. ஒருத்தன் துடுப்பு போட்டுக் காட்னான், நாலு பேரு சிரிச்சாங்க. அவரு திரும்பல.

படகு சீன் வந்தப்ப மொத்த கூடமும் திரையப் பாக்கல, உங்க அப்பாவத்தான் பாத்துது. அவரு மட்டும் திரையப் பாத்துகினு இருந்தாரு. எனக்கு உள்ளுக்குள்ள குளுகுளுன்னு இருந்துச்சு. உங்கிட்ட மறைக்க ஒண்ணுமில்ல.

படம் முடிஞ்சு லைட்ட போட்டாங்க. நான் மைக்க எடுத்து ஒன்பதாம் பக்கத்த படிச்சேன். யார் பேருன்னும் படிச்சேன். அப்பால அவர நேரா பாத்து, "அங்கிள், இது உங்க கையெழுத்துதானே?"ன்னு கேட்டேன்.

எழுந்து நின்னாரு. ரெண்டு தபா தொண்டய செருமினாரு. "ஆமாம்மா. நான்தான் போட்டேன். அதுல எழுதியிருக்கது பொய்"னாரு.

அதுக்கு நான் தயாரா இல்ல எபி. அவரு இல்லன்னு சொல்லுவாரு, நான் கிழிக்கணும், அதுக்கு வசனம்லாம் எழுதி வெச்சிருந்தேன். கைல காகிதம் அப்பிடியே இருந்துச்சு.

அவருக்கு மைக்கு குடுக்க யாருக்கும் தோணல. மெதுவாதான் பேசினாரு. யசோதரா அக்கா எழுந்து, "எல்லாம் வாய மூடுங்க"ன்னுச்சு.

"நான் நாலுன்னுதான் சொன்னேன். அவரு நாலுன்னு எழுதியிருந்ததத்தான் தொறந்தாரு. ஒரு மாசத்துக்கு முந்தி பெயிண்ட் அடிச்சவங்க நம்பர மாத்தி எழுதிட்டாங்க. அவரு அப்பம் லீவு, அவருக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். மாத்தச் சொல்லணும், சொல்லணும்னு இருந்தேன். சொல்லல. அவரு, 'சார், இது ஆறாம் நம்பர் இடம்லா?'ன்னு கேட்டாரு. எழுதியிருக்கதப் பாத்துத் தொறங்கன்னு நான்தான் சொன்னேன்."

கழுத்துல இருந்த கைக்குட்டய எடுத்து மொகத்த தொடச்சாரு.

"வாயு வந்துட்டு. நாங்க பதினோரு பேரு கண்ட்ரோல் ரூமுக்குள்ள போயிட்டோம். அவரு மட்டும் மூடுததுக்குத் திரும்பிப் போனாரு. படத்துல நான் படகுல ஓடுதேன். என் மகன் எடுத்த ரெண்டாவது படத்துல ஒத்தாசைக்கு ஆள் கூப்புடப் போறேன். ரெண்டும் இல்ல. ஓடியிருந்தாக்கூட அவரு குரல் கேட்டிருக்காது. நான் கதவுக்கு இந்தப் பக்கம் நின்னேன். அவரு வந்து தட்டினாரு. 'சார், மூடிட்டேன். தொறங்க சார்'னாரு. தொறந்தா வாயு உள்ள வந்துரும். பதினோரு பேரு. தாப்பாள்ல கைய வச்சுக்கிட்டே நின்னேன். தொறக்கல."

அந்தக் கதவப் பத்தி யாரும் கேட்டுடக் கூடாதுன்னுதான் வால்வ பத்திப் பொய் சொன்னாராம். செத்தவரு மேல பழிய போட்டா யாரும் கதவாண்ட வர மாட்டாங்கன்னு.

அப்ப அம்மா எழுந்துச்சு. அம்மா கூட்டத்துல பேசி நான் பாத்ததே இல்ல. "எத்தினி தபா சொன்னாரு?"ன்னு கேட்டுது.

உங்க அப்பா அம்மாவ பாத்து, "ரெண்டு தடவ. மூணாவது தடவ 'சார்'னு மட்டும்"னாரு.

அம்மா குந்திக்கிச்சு. யசோதரா அக்கா அவருக்கு முன்னாடி வந்து நின்னு, "அவரு போய் மூடலன்னா எங்க குப்பம் இன்னா ஆயிருக்கும்?"ன்னு கேட்டுது. "ஒருத்தரும் மிஞ்சியிருக்க மாட்டிய"ன்னாரு. பின்னாடி ஒருத்தன் அவர அடிக்க வந்தான். நாலு பேரு புடிச்சிகினாங்க. உங்க அப்பா விலகவே இல்ல, அடி வரட்டும்னு நின்னுகினு இருந்தாரு. அப்பால அவரே நடந்து வெளிய போனாரு. யாரும் துடுப்பு போடல.

நான் காசிமுக்கு கடசி சீன்ல ரெண்டு பக்கம் வசனம் எழுதினேன். இரும்பு, உப்பு, மூச்சு, என் ஜனம்னு. தியேட்டர்ல கைத்தட்டு வாங்கிச்சு. நீ அவனுக்கு ஒரு சிரிப்பு வெச்சே. அதுக்கும் விசிலு. எங்க அத்தா இன்னா சொன்னாருன்னு ரெண்டு பேருக்குமே தெரியல.

உமைமா


திருவொற்றியூர்
24 மார்ச் 2025

உமைமா,

உன் கடிதத்தை அப்பாவுக்கு முன்னால் வைத்தேன். கண்ணாடி போட்டு முழுவதும் படித்தார். "சரியாத்தான் எழுதியிருக்கா" என்றார். இருபது நாட்களுக்கு மேல் பேசாதவர் பேசிய முதல் வார்த்தை அது.

பிறகு புதிய வாக்குமூலமாக நான்கு பக்கம் எழுதினார். நான் கார் ஓட்டினேன். விசாரணை நடத்திய அலுவலகம் இப்போது வேறு கட்டடத்தில் இருக்கிறது. அன்றைக்கு இருந்தவர்கள் யாரும் இல்லை. யார்டும் கைமாறிவிட்டது. அங்கிருந்த அதிகாரி, "பதினாறு வருஷம் கழிச்சு எதுக்குப் பெரியவரே?" என்றார். அப்பா, "முத்திரை போட்டு வாங்கிக்கிடுங்க" என்று மட்டும் சொன்னார். வாங்கிக்கொண்டார்கள். கோப்பை மறுபடி எடுப்பதாக எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். அவர் மேல் வழக்கு வரலாம் என்று வக்கீல் சொல்கிறார். அப்பா எழுதியதன் நகலை இதோடு வைத்திருக்கிறேன். இரண்டாம் பக்கத்தை அம்மாவுக்குப் படித்துக் காட்டு.

திரும்பி வரும்போது அப்பாவிடம் கேட்டேன். இரண்டாவது படத்தைப் பார்த்துவிட்டு ஏன் வீட்டுக்குப் போவோம் என்று மட்டும் சொன்னீர்கள் என்று. "நீ என்னை நல்லவனாக்கிட்டே. அந்தப் பிள்ளை எழுதினதைப் பார்க்க முடிஞ்சது. நீ எடுத்ததைப் பார்க்க முடியல" என்றார்.

தயாரிப்பாளரிடம் பேசினேன். கடைசி இருபது நிமிடத்தை மாற்ற வேண்டும் என்றேன். சிரித்தார். என் பெயரையாவது எடுத்துவிடுங்கள் என்றேன். ஒப்பந்தத்தை எடுத்துக் காட்டினார். படம் அடுத்த வாரம் ஓ.டி.டி. வழியாக ஆறு மொழிகளில் வீடுகளுக்குப் போகிறது. காசிம் ஆறு மொழிகளில் சிரித்துக்கொண்டே வால்வைத் திறப்பான். என்னால் அதை நிறுத்த முடியாது.

நீ ஜெயித்துவிட்டாய். நான் ஐந்து வருடம் உழைத்து எடுத்த படத்தை என் அப்பாவே பொய் என்று சொல்லிவிட்டார், அதுவும் உன் கூட்டத்தில்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். உனக்குச் சந்தோஷமா? சுற்றி வளைக்காமல் எழுது.

எபினேசர்


பழைய வண்ணாரப்பேட்டை
3 ஏப்ரல் 2025

எபி,

சந்தோஷம்தான்.

இல்லன்னு எழுதுனா நீ கொஞ்சம் நிம்மதியா தூங்குவே. அதனால உள்ளத உள்ளபடி எழுதறேன். அந்த ஞாயித்துக்கிழம கூடத்துல இருந்து வூட்டுக்கு வந்து ரெண்டு தட்டு சோறு துன்னேன். அப்பிடி எனக்குப் பசிச்சதே இல்ல. உன் லெட்டர் வந்த அன்னிக்கி, தயாரிப்பாளர் சிரிச்சாருன்னு எழுதிருந்தியே, அந்த எடத்த மூணு தபா படிச்சேன். ஆறு மொழியில ஓடட்டும். மதுரையில, மும்பையில எவனோ ஒருத்தன் காசிம் கெட்டவன்னு நம்பிட்டுப் போவட்டும், எனக்கு அவன் யாரு? ஒவ்வொரு தபா எவனாவது உங்கிட்ட வந்து, "சார், அந்த டுவிஸ்ட் இருக்கே, சூப்பர் சார்"னு கைய குடுப்பான். நீ கைய நீட்டணும். சாகற வரைக்கும் நீட்டணும். இத நான் உனக்குக் குடுக்கல. நீயே பதினேழு தபா எடுத்து வெச்சிகினே.

உங்க அப்பாவ மன்னிச்சுட்டேனான்னு நீ கேக்கல. கேக்காததே நல்லது. அந்தக் கதவ பத்தி நெறய யோசிச்சேன். உள்ள பதினோரு பேரு, வெளிய ஒருத்தரு. அந்த எடத்துல நான் நின்னிருந்தா இன்னா பண்ணிருப்பேன்னு எனக்கே தெரியல. அதனால கதவுக்காக அவரத் திட்ட மாட்டேன். கையெழுத்துக்குத் திட்டுவேன். கதவாண்ட யோசிக்க நேரமில்ல. கையெழுத்துப் போட மூணு நாளு இருந்துச்சு, அறிக்கையில தேதி கீது. அப்பால பதினாறு வருசம் இருந்துச்சு. நான் உங்க வூட்ல சாப்ட்ட ஒவ்வொரு நாளும் இருந்துச்சு.

வழக்கு வந்தா வரட்டும். சாட்சி சொல்லக் கூப்ட்டா போவேன். அவருக்கு எதிராத்தான் சொல்லுவேன். அவரு தானா ஒத்துகினாருன்றதயும் சேத்துச் சொல்லுவேன். ரெண்டும் நடந்துது.

உன்ன எப்பவும் மன்னிக்க மாட்டேன். நீயும் என்ன மன்னிக்காதே. நாப்பத்திமூணு நாளு நான் செஞ்சதுக்கு எனக்கு இன்னும் வருத்தமே வரல.

பெருநாள் அன்னிக்கி யசோதரா அக்கா வந்துச்சு. குப்பத்து ஜனம் பத்திருவது பேர இட்டுகினு வந்துச்சு. வூட்ல நிக்க எடமில்ல. எல்லாருக்கும் அம்மா பிரியாணி போட்டுது. ரெண்டாம் பக்கத்த படிக்கச் சொன்னாங்க, படிச்சேன். "சார், மூடிட்டேன்"ன்ற எடத்துல ஒரு கெழவரு எழுந்து நின்னாரு. அவரப் பாத்து எல்லாரும் நின்னாங்க. அம்மா மட்டும் எழுந்துக்கல.

நீ என்னைத்தான் கேட்டே. அம்மாவக் கேக்கல. அம்மா சரியா துன்னறதில்ல. பகல்ல வாசக்கதவ சாத்தவே உட மாட்டேங்குது. காத்து வரணும்னு சொல்லுது. முந்தாநாளு மதியம் கடல்காத்து பலமா அடிச்சு கதவு தானா மூடிக்கிச்சு. அடுப்புல பாலு இருந்துச்சு, அத அப்பிடியே பொங்க உட்டுட்டு அம்மா ஓடிப்போய்த் தொறந்துச்சு. வெளிய யாரும் இல்ல. தெருமுன வரைக்கும் எட்டிப் பாத்துச்சு. அப்பால ஒரு செங்கல்ல எடுத்து கதவுக்கு அண்டக் குடுத்துட்டு உள்ள வந்துச்சு.

உமைமா